கோபியின் முதுகுப்பை

எல்லையில் பனிச்சரிவில் கோபி இறந்த பிறகு, ஒவ்வொரு ஜனவரியிலும் அவனோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் ஏற்காட்டுக்கு வருவார்கள். ஏரிக்கரையில் தொடங்கி சேர்வராயன் கோயில் வரை மேட்டில் ஓடுவார்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, உள்ளே மணல். அவரவர் பையைத் தவிர இன்னொரு பையும் கூடவே வரும். அது கோபியின் பங்கு. கைமாறிக் கைமாறி மேலே போகும். வழியில் எங்கும் தரையில் படக்கூடாது என்பது மட்டும்தான் விதி.

கோபியின் அக்கா வனிதா மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் பழம் பறிப்பவள். அன்றைக்குக் கணக்கெழுதும் ரைட்டரிடம் லீவு சொல்லிவிட்டு, ஜீப்பில் கோயிலுக்குப் போய், எலுமிச்சைச் சாறு கலந்த குடத்தோடு வாசலில் நிற்பாள். வந்து சேர்கிறவர்களுக்கு ஊற்றிக் கொடுப்பாள். பிறகு யாராவது பேசுவார்கள். வீரன், தியாகி, சிங்கம் என்பார்கள். கடைவீதி பேனரிலும் அதே சொற்கள்தான். தாய் இல்லாத வீட்டில் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பையனை அந்தச் சொற்களுக்குள் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த வருஷம் ஓட்டத்துக்கு முதல்நாள் பென்னி அவள் வீட்டுக்கு வந்தான். ஏற்காட்டுக்காரன், கோபியோடு ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தவன். அதே பனியிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவன். இடது காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள்.

"அக்கா, இந்தத் தடவ என்னால தூக்க முடியாதுங்க. வெயிட்டே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. கோபி பைய மத்தவங்கதான் பாத்துக்கோணும்."

"நான் தூக்கறேன்."

"அந்த மேடு நொம்பக் கஷ்டமுங்க."

"தெனமும் பழ மூட்டைய தலையில வெச்சுட்டு ஏறுறவ நான். நீ ஊட்டுக்குப் போ கண்ணு. காலைல ஏரிகிட்ட வந்துர்றேன்."

மறுநாள் ஏரியே தெரியாத அளவுக்கு மூடுபனி. சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து நின்றாள் வனிதா. குழுவை நடத்தி வரும் தர்மபுரிக்காரர் சந்திரசேகர் பையைத் தூக்கி அவள் தோளில் மாட்டி, வாரை இழுத்துக் கட்டினார்.

"முடியலைன்னா கொடுங்கக்கா. நாங்க எல்லாரும் இருக்கோம்."

"குடுக்க மாட்டனுங்க தம்பி. அவனச் சொமக்கறது என்ர வேலைங்க."

மற்றவர்கள் ஓடிப் பனிக்குள் மறைந்தார்கள். வனிதா நடந்தாள். பென்னி கைத்தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தான். சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பென்னி தயங்கியபடி, "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே அக்கா?" என்றான்.

"சொல்லு சாமி."

"ட்ரெய்னிங்ல கோபிதானுங்க எப்பவும் கடைசி. ஓட்டம்னாலே வயித்து வலி வந்துரும் அவனுக்கு. ஒருநாள் பைக்குள்ள மணலுக்குப் பதிலா தலகாணிய அடைச்சுட்டு வந்துட்டான். பாதி வழில மழை புடிச்சுக்கிச்சு. தலகாணி தண்ணியக் குடிச்சுக் கல்லாட்டம் ஆயிருச்சு. அப்பறம் அதையும் எந்தலைலயே கட்டிட்டானுங்க. 'உங்க ஏசப்பா உனக்குத்தாண்டா பலத்தக் குடுத்திருக்காரு'ங்கறான்."

வனிதா நடுரோட்டில் நின்றுவிட்டாள். முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தாள்.

"அவனேதான்! பள்ளிக்கூடம் போற மேட்டுல கால் நோகுதும்பான். தூக்கிக்குவேன். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் குதிச்சு ஓடிருவான், கூட்டாளிக பாத்துருவாங்கன்னு."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இத்தன வருசமா ஏன் இதெல்லாம் சொல்லவே இல்ல நீ?"

"வீரன்னு எல்லாரும் பேசற எடத்துல எப்பிடிங்க சொல்றது?"

"வீரன்தான். சோம்பேறியுந்தான். ரெண்டும் சேந்துதானே எந்தம்பி?"

பென்னி கீழே பார்த்தபடி சொன்னான். "அன்னைக்குப் பனி எறங்குனப்ப மொத ஆளா ஓடுனவன் அவந்தானுங்க அக்கா. எம்பேரக் கத்திக்கிட்டே ஓடியாந்து என்னை ஓரமாத் தள்ளி உட்டான். நடுவுல அவன் மாட்டிக்கிட்டான்."

வனிதா அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். இருவரும் மறுபடி நடந்தார்கள்.

கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் ஏற்றத்தில் அவள் நடை தளர்ந்தது. தலைச்சுமை பழகிய உடம்புதான்; ஆனால் வார் தோளை அறுத்தது. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து, பையைக் கழற்றித் தரையில் படாமல் மடியில் வைத்து அணைத்துக்கொண்டாள். இனி எழ முடியும் என்று தோன்றவில்லை.

மேலே போய்ச் சேர்ந்தவர்கள் இவர்களைக் காணாமல் தேடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். களைத்த முகங்களோடு அவளைச் சுற்றிக் குந்தினார்கள். சந்திரசேகர் பையை வாங்கக் கையை நீட்டவில்லை. "பரவால்லக்கா, இருப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வனிதா அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விடுப்பில் சொந்த ஊருக்குப் போகாமல் இங்கே வந்தவர்கள்.

"அவன் எனக்கு மட்டுந்தான் தம்பின்னு நெனச்சுட்டு இருந்துட்டேன்" என்றாள். பையைத் தூக்கிச் சந்திரசேகரிடம் நீட்டினாள். "புடிங்க. ஆனா சும்மா தூக்கிட்டு வரப்படாது. ஆளுக்கு ஒண்ணு அவனப் பத்திச் சொல்லோணும். பேனர்ல எழுத முடியாததாச் சொல்லுங்க."

ஓடி முடித்தவர்கள் திரும்பவும் ஏறினார்கள், இந்த முறை மெதுவாக, அவள் நடைக்கு. பை கைமாறியது. கோபி பரேடில் நின்றுகொண்டே தூங்கியதை ஒருவன் சொன்னான். இன்னொருவன், பெண் பார்க்கப் போகக் கோபி தன்னிடம் சட்டையைக் கடன் வாங்கித் திருப்பியே தரவில்லை என்றான். அந்தப் பெண் கோபியை வேண்டாமென்று சொன்னதை வனிதா எடுத்துக் கொடுத்தாள். சிரிப்புச் சத்தம் கேட்டுக் கோயில் வாசலில் பூ விற்பவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சாமி இருக்கும் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்தவளை உட்காரவைத்து, இந்த முறை அவர்களே கலந்து வைத்திருந்த எலுமிச்சைச் சாற்றைச் சந்திரசேகர் ஊற்றிக் கொடுத்தார். சர்க்கரை கூடிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தாள்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வலித்த தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே, கோபி ஏழாவது படிக்கும்போது எஸ்டேட் நாயை பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போன கதையை வனிதா சொல்லத் தொடங்கினாள்.