கடலரசனுக்குப் பேர் வந்த கதை

வானொலிப் பெண் வந்து சேர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இனுகித்சொக் மறுபடியும் சட்டையை மாற்றினார்.

அவள் கேட்க வருவது ஒரு பறவைக்குப் பேர் வந்த கதையை. கைக்குள் அடங்குகிற பறவைதான் அது. கோடையில், வடதுருவத்தை ஒட்டிய சியோரபலுக் ஊரின் மலைச்சரிவில் கல்லுக்குக் கல் உட்கார்ந்து கத்தும். ஊர்ப்பேச்சில் அதற்கு அப்பாலியார்சுக் என்று பேர். டேனியர்கள் மட்டும் கடலரசன் என்பார்கள். ஏன் என்று கேட்டால் ஊரே இனுகித்சொக்கைக் கைகாட்டும்.

அவர் பாட்டனார் காலத்தில் ஒரு டேனியக் கப்பல் பனியில் சிக்கியதாம். பசியில் கிடந்தவர்களுக்குப் பாட்டனார் கடல்நாய்த்தோல் மூட்டையைப் பிரித்து, அதற்குள் மாதக்கணக்கில் ஊறிய இதே பறவைகளைக் கொடுத்தாராம். தின்று முடித்த கப்பல் தலைவன் தன் தொப்பியைக் கழற்றி, மிச்சமிருந்த பறவையின் தலையில் கிரீடம்போல வைத்து, 'கடலரசே' என்று மண்டியிட்டானாம். தொப்பிக்குள் அரசரையே காணவில்லையாம். பள்ளிக்கூடச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது.

மனைவி துக்குமெக் மட்டும் இத்தனை வருஷத்தில் அந்தக் கதைக்கு ஆமாம் போட்டதில்லை. இல்லை என்றதும் இல்லை. இன்று நாடே கேட்கப்போகிறது. இனுகித்சொக் அவரிடம் போனார்.

"இன்னிக்கு ஒருநாள் வாயில பனிக்கட்டியை வெச்சுக்கிட்டு இரேன்."

"அந்தப் பொண்ணு என்னைக் கேட்டாத்தானே கிழவா," என்றார் துக்குமெக், வலையை எடுத்துக்கொண்டே.

வந்த பெண்ணுக்குப் பறவைச் சத்தம் வேண்டுமாம். மூவரும் சரிவில் ஏறி, கல்மறைவில் உட்கார்ந்தார்கள். இனுகித்சொக் கதையை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். பிறகு, வலை வீசிக் காட்டச் சொன்னாள் அவள். எப்போதும்போல, பறவைக் கூட்டம் நெருங்குமுன்பே நீளக் கைப்பிடியை நீட்டிவிட்டார். பறவைகள் அப்படியே விலகிப் போயின. துக்குமெக் காத்திருந்து ஒரே வீச்சில் இரண்டைப் பிடித்தார்.

"நீங்க இந்தக் கதைய மொதல்ல எப்போ கேட்டீங்கம்மா?" என்று அந்தப் பெண் துக்குமெக்கிடம் கேட்டாள்.

இனுகித்சொக் கடலைப் பார்த்தார்.

துக்குமெக் பறவையின் நெஞ்சைக் கட்டைவிரலால் அழுத்தி, அது அடங்கியதும் மூட்டையில் போட்டார்.

"இதே கல்லுமேலதான். அப்போ எங்களுக்குக் கல்யாணம் ஆகலை. இந்த ஆளு வலையில ஒண்ணுகூட விழலை. என் மூட்டை நெறஞ்சிருச்சு, கெளம்புறேன்னு எழுந்தேன். என்னை இன்னும் கொஞ்ச நேரம் உக்காரவைக்க அந்த நிமிஷமே இட்டுக்கட்டின கதைம்மா இது. தொப்பி வர்ற எடத்துல சிரிச்சுட்டேன். உக்காந்துட்டேன்."