எங்கள் ஊரின் பச்சைப் புள்ளி

மலையில் மழை பெய்து ஆறு வெள்ளமாக இறங்கினால், செவ்வாய்ச் சந்தையில் கஞ்சி விற்கும் என் தங்கை இத்தோவுக்கு நான் போன் போட வேண்டும். வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அடுத்தவன் மனுவுக்கு முத்திரை வாங்கித் தருவதும், அதிகாரி வந்தால் பின்னால் நடப்பதும். தகதிர்த் ஊருக்கு நான் முகத்தம், அரசாங்கம் வைத்த ஊர்ப் பொறுப்பாளி. அரசாங்கத்துக்குக் கண்ணும் காதுமாக இருக்கவேண்டியவன். எனக்கு வாய்தான் அதிகமாகிவிட்டது.

எங்கள் ஊர் மேலே. சந்தை கீழே, வருஷத்தில் பதினொரு மாதம் காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகையில். கூடாரம், வேன், கழுதை, ஆட்டு மந்தை எல்லாம் அந்தக் கூழாங்கல் மேல்தான். புதிதாக வருகிறவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். வேறெங்கே போவது? எங்கள் மலையில் நாலு கூடாரம் அடிக்கிற அளவுக்குச் சமநிலம் கடவுள் அங்கே மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.

எங்கள் ஊரைத் தாண்டும் வெள்ளம் சந்தைக்குப் போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆகும். நான் கூப்பிடுவேன். இத்தோ மொச்சைக் கஞ்சிப் பானையின் மூடியை எடுத்து அகப்பையால் ஓங்கி அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் சந்தை மொத்தமும் மேட்டுக்கு ஏறிவிடும். ஒன்பது வருஷத்தில் ஏழு முறை கூப்பிட்டிருக்கிறேன். ஓர் ஆட்டுக்குட்டி தவிர எதுவும் போனதில்லை. அந்த ஆட்டுக்காரனும் இத்தோவிடம் வந்து ஓசியில் கஞ்சி குடித்துவிட்டுத்தான் அழுதான்.

இதற்கெல்லாம் கணவாய் மேல் நின்ற பழைய டவர் போதுமாக இருந்தது. வெறும் டூஜி. படம் வராது, பாட்டு வராது. ஆனால் வீட்டு வாசலில் நின்று பேசினால் கீழே தெளிவாகக் கேட்கும். பிறகு சந்தை ஊரில் புது டவர் வைத்தார்கள், ஃபோர்ஜி. அன்றிலிருந்து பிடித்தது சனியன். யாரைப் பார்த்தாலும் "உங்க ஊர்ல சிக்னல் எத்தனை கோடு?" என்பதுதான் பேச்சு. பெண் கேட்டுப் போன இடத்தில்கூட மாப்பிள்ளை வீட்டில் நெட் எடுக்குமா என்று கேட்டார்கள்.

பக்கத்து ஊர் ஐத் ஊமர். அங்கே முகத்தம் ஸெய்து. இரண்டு ஊருக்கும் தண்ணீர் வாய்க்காலில் தொடங்கிய பகை எங்கள் பாட்டன் காலத்தது. அவன் ஒரு செவ்வாய்க்கிழமை இத்தோவின் கடையில், பத்துப் பேர் முன்னால் என்னைக் கேட்டான்.

"என்ன அஸ்ஸூ, இன்னும் டூஜியா? அதுக்குக் கழுதை கழுத்துல கடுதாசியைக் கட்டி விட்டா முன்னாடியே போய்ச் சேருமே."

"எங்க ஊர்ல கழுகுப் பாறை மேல ஏறினா ஃபோர்ஜி நாலு கோடும் நிக்குது. உங்க ஊர்ல ஏறுறதுக்குப் பாறையாவது இருக்கா?"

"பாறை மேல யாரு குடியிருக்கா, நீயும் கழுகுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இத்தோ மட்டும் அகப்பையை ஸெய்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "எங்கண்ணன் டூஜியிலதான் உன் உசுரை ஏழு தடவை காப்பாத்தியிருக்கான். குடிச்ச கஞ்சி செரிக்கணும்னா வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஆனால் அந்தச் சிரிப்பு உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது.

மே மாதம் நகரத்திலிருந்து கவ்தர் என்ற பெண் வந்தாள். எந்த ஊரில் எந்தக் கம்பெனி டவர் எப்படி எடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிற வேலை. ஒரு பையில் ஆறு போன்கள், மூன்று கம்பெனிக்கும் இரண்டிரண்டு. நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள், மூன்று கிளாஸ் தேநீரையும் மறுக்காமல் குடித்தாள்.

"முகத்தம் ஐயா, வீடுங்க இருக்கிற இடத்துல அளக்கணும். இல்லேன்னா ஊர்க்காரங்க வழக்கமா எங்க நின்னு பேசுவாங்களோ அங்க."

"அளந்து என்ன பண்ணுவீங்க மகளே?"

"வரைபடத்துல ஒரு புள்ளி வைப்போம். நல்லா எடுத்தா பச்சை. எடுக்கலேன்னா சிவப்பு."

நான் எதார்த்தமாகக் கேட்பதுபோல் கேட்டேன். "ஐத் ஊமருக்குப் போனீங்களா?"

"நேத்துப் போனேன். ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருச்சு. ஒரு கிழவரும் நாயும்தான் இருந்தாங்க. வாசல் வாசலா நின்னு அளந்தேன். எல்லாம் சிவப்பு."

எனக்கு அப்போதே பெருநாள் வந்துவிட்டது. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மேலதிகாரி வருகிறார் என்றால் சாலையைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளை அடிப்போம், பக்கத்து வீட்டுக் கம்பளத்தைக் கடன் வாங்கி விரிப்போம், நொண்டிக் கழுதையை ஒளித்துவைப்போம். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் எடுத்தவனுக்குத்தானே பரிசு? நல்ல ஊர் என்று பேர் வாங்கினால்தான் மேலே ஏதாவது கிடைக்கும். இதுதான் நாங்கள் கற்றது. அந்தப் பெண்ணை நான் கழுகுப் பாறைக்குக் கூட்டிப்போனேன்.

அரை மணி நேர ஏற்றம். வழியில் தூதா கிழவி புல்லுக்கட்டோடு எதிரே வந்தாள். எங்கள் மலைப் பாஷையில் சத்தமாகவே கேட்டாள்: "ஏண்டா அஸ்ஸூ, ஆடு ஏற யோசிக்கிற இடத்துக்கு அந்தப் புள்ளைய எதுக்கு இழுத்துட்டுப் போற?"

"ஐத் ஊமர்க்காரன் மூக்கை அறுக்கத்தான். நீ சும்மா போ, கெழவி."

கவ்தருக்கு எங்கள் பாஷை தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். உங்களை வாழ்த்துகிறாள் என்றேன்.

பாறையில் ஆறு போன்களையும் வரிசையாக வைத்தாள். நான்கு கோடு, நான்கு கோடு, மூன்று கோடு. அவளே ஆச்சரியப்பட்டாள். பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"நிஜமாவே எல்லாரும் இங்க வந்துதான் பேசுவாங்களா? பொம்பளைங்க, வயசானவங்க எல்லாருமா? நான் இதை எழுதப்போறேன் ஐயா. தப்பா எழுதிடக் கூடாது."

"எங்க சனத்துக்கு இதுதான் திண்ணை மாதிரி. எழுதிக்கோங்க."

எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். முகத்தம் முத்திரையையும் கேட்காமலே குத்தினேன்.

ஆகஸ்டு கடைசியில் ஒரு காலை, வாசலில் நின்றால் டவர் இல்லை. மொட்டைமாடியில் இல்லை. களத்து மேட்டில் இல்லை. கணவாய் மேல் நின்ற பழைய டவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வேன் மாறி மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க ஊர் பச்சை, முகத்தம். மூணு கம்பெனியும் எடுக்குது. ஃபோர்ஜி நல்லா எடுக்கிற இடத்துல பழசை எடுத்துடறாங்க. சிவப்பா இருக்கிற ஊருக்குத்தான் புது டவர். இந்த வருஷம் ஐத் ஊமருக்குப் போகுது."

"ஐயா, அது பாறை மேல அளந்தது. வீட்டுல ஒரு கோடுகூட இல்ல."

அவர் காகிதத்தைத் தேடி எடுத்தார். "கையெழுத்து உங்களோடதுதானே?"

தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது என்றால் என்னவென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது தெரிந்தது. மறு அளவைக்கு மனு எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள்.

ஊரைக் கூட்டிச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், திட்டவும் செய்தார்கள். ஆனால் ஐத் ஊமர்க்காரனுக்குத் தெரியக்கூடாது என்பதில் எல்லோரும் ஒரே கட்சி. சந்தையில் யார் கேட்டாலும் ஃபோர்ஜி பறக்கிறது என்றே சொல்வது என்று முடிவானது. தூதா மட்டும், "வெள்ளம் வந்தா?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை விடிஞ்சதுல இருந்து சந்தை கலையிற வரைக்கும் நான் பாறை மேலதான் உக்காந்திருப்பேன். போதுமா?"

இத்தோவிடமாவது சொல்லியிருக்கலாம். என் கூடப் பிறந்தவள், நான் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பிப் படுகையில் அடுப்பு மூட்டுகிறவள். சொல்லியிருந்தால் அடுப்பை மேட்டுக்கு நகர்த்தியிருப்பாள். எனக்காகப் பத்துப் பேர் முன்னால் அகப்பையை நீட்டியவளிடம், ஸெய்துதான் ஜெயித்தான், என் முட்டாள்தனத்தால் ஜெயித்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வெட்கம். வேறொன்றுமில்லை.

பதிலாக, மாலைகளில் பாறைக்குப் போய் அவளை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அய்யோ அண்ணே, உன் மூக்கு முடிகூடத் தெரியுதே! மதியம் கூப்பிட்டேன், ஏன் போகல?"

"சார்ஜ் இல்லம்மா."

"எப்பப் பாத்தாலும் சார்ஜ் இல்ல. அரசாங்க ஆளு, கரண்டுக்கு என்ன பஞ்சம்? சரி, இனிமே ஆறு வந்தா வீடியோலயே காட்டுவியா?"

"காட்டுறேன்" என்றேன்.

ஆறு செவ்வாய்க்கிழமைகள் பாறையில் உட்கார்ந்தேன். தொழுகையும் அங்கேயே, சோறும் அங்கேயே. ஏழாவது செவ்வாய்க்கிழமை அக்டோபரில். வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை. பன்னிரண்டரை மணிவரை இருந்தேன். கொண்டுபோன ரொட்டியை எறும்பு மொய்த்துவிட்டது. முட்டி வலித்தது. இந்த வெயிலில் எங்கிருந்து ஆறு வரப்போகிறது என்று இறங்கினேன். மழை மலைக்கு அந்தப்பக்கம் பெய்துகொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் இரண்டாவது கவளம் வாயில் இருக்கும்போது காற்றில் ஈரமண் வாசனை வந்தது. அதன் பின்னாலேயே சத்தம், கல் லாரிகள் வரிசையாக வருவதுபோல. வெளியே ஓடினேன். செம்மண் தண்ணீர், மரத்தையும் கல்லையும் சுருட்டிக்கொண்டு, எங்கள் ஊருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. போனைப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. இல்லை என்று தெரிந்தும் இத்தோ எண்ணை அழுத்தினேன். திரும்பவும் அழுத்தினேன். சாலை ஆற்றோரமாகத்தான் போகிறது, அது ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தது.

பாறைக்கு ஓடினேன். பாதி வழியில் ஓடை குறுக்கே வரும். எந்நாளும் தாண்டிக் குதிக்கிற ஓடை, அன்றைக்கு இடுப்பளவு இழுத்துக்கொண்டு போனது. மேலே பாத்திக்கட்டு வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று. முட்டி போட்டு ஏறினேன், கையால் ஏறினேன். கடவுளைக் கூப்பிட்டேன், கவ்தரைத் திட்டினேன், பிறகு அவளிடமே மன்னிப்புக் கேட்டேன். நாற்பது நிமிஷம் என்று மனது எண்ணிக்கொண்டே வந்தது. பாறையை நான் தொட்டபோது ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

நான்கு கோடும் நின்றன. நான் எண்ணை அழுத்துவதற்கு முன்பே போன் துடித்தது. இத்தோவிடமிருந்து ஒரு வீடியோ. அனுப்பி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் ஓடையைத் தாண்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்த நேரம்.

கஞ்சி ஆவிக்கு நடுவே அவள் முகம். வியர்வையைத் தோளால் துடைத்துக்கொண்டே பேசினாள். "அண்ணே, மலைக்கு அந்தப்பக்கம் இடி இடிக்குதுன்னு எல்லாரும் மூட்டையைக் கட்டப் பாத்தாங்க. நான்தான் உக்கார வச்சிருக்கேன். ஆறு வந்தா எங்கண்ணன் கூப்பிட்டிருப்பான், கூப்பிடலேன்னா வெறும் இடிதான்னு சொல்லிட்டேன். பாரு, ஸெய்துகூடக் கெளம்பினவன் திரும்பி வந்து உக்காந்துட்டான்."

போனைத் திருப்பிக் காட்டினாள். கூடாரத்துக்குள் வரிசையாக ஆட்கள், கையில் கிண்ணங்களோடு. பின்னால் உப்பு வியாபாரி, கழுதைகள், தகரக் கடை. ஸெய்து கிண்ணத்தை உயர்த்தி, "உங்கண்ணனை நம்பித்தான்மா உக்காந்திருக்கேன்" என்றான், கிண்டல் இல்லாமல். மறுபடி அவள் முகம் வந்தது. "நான் சொன்னது சரிதானே அண்ணே? ஒரு வார்த்தை அனுப்பு, இவங்ககிட்டக் காட்டணும்."

அந்த வீடியோவில் இருந்தவர்களில் பதினான்கு பேரைப் பிறகு புதைத்தோம். ஸெய்தை ஐத் ஊமரில். இத்தோ மூன்றாம் நாள்தான் கிடைத்தாள்.

ஆனால் பாறையில் நின்றபோது எனக்கு அதெல்லாம் தெரியாது. கூப்பிட்டேன், போகவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பிறகு குரல் பதிவை அழுத்தி, "ஓடு இத்தோ, பானையை விட்டுட்டு ஓடு" என்று தொண்டை கிழியக் கத்தி அனுப்பினேன். கண் இமைக்கும் நேரத்தில் போய்விட்டது. பக்கத்தில் ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழும் என்று இருட்டும்வரை அந்தப் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.