கிரேடர் திரும்புகிற இடம்

ஸ்டாட்லர் கவுண்டி என்ற சின்ன மாவட்டத்துக்கு ரோடு கமிஷனர் தேர்தல் வந்தது. இந்த முறை அந்த நாற்காலி தனக்குத்தான் என்று லாய்டு ஹென்ஷா முடிவு கட்டிவிட்டார். வயது அறுபத்து மூன்று. பிழைப்பு கோதுமையும் மாடும். வாழ்நாளெல்லாம் சரளை ரோட்டில் குலுங்கியே இடுப்பு போன மனுஷனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

டிராக்டர் கடையில் காபி குடிக்கக் கூடுகிறவர்களிடம் அவர் பேசியதெல்லாம் பக்கத்துப் பிக்கெட் கவுண்டியைப் பற்றித்தான்.

"நம்ம ஆளுங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடிட்டிருந்தாங்க. அந்தப் பயலுக நம்ம கோர்ட்டுக் கட்டடத்த உருளைக்கட்டையில ஏத்தி, கோவேறு கழுதைய பூட்டி இழுத்துட்டுப் போயிட்டானுங்க! பாட்டு முடிஞ்சு வெளிய வந்தா படிக்கட்டு மட்டும் நிக்குது!"

இது நடந்தபோது அங்கே இருந்தவர்களின் பேரன்களே இன்றைக்குக் கல்லறையில் இருக்கிறார்கள். கோபம் மட்டும் சாகவில்லை.

இந்த நேரம் பார்த்துப் பிக்கெட்காரர்கள் 'நல்வரவு' என்று ரோட்டோரம் ஒரு பலகை நட்டார்கள். லாய்டு வீட்டைத் தாண்டி, காட்டன்வுட் மரத்துக்குச் சற்று இப்பால். பத்தடி நம் மண்ணில் ஊன்றிவிட்டார்கள் என்று லாய்டு குதித்தார். எல்லையை அளந்தே ஆக வேண்டும் என்று அவரே ஊராரிடம் கையெழுத்து வாங்கி, அவரே நில அளவைக்காரியை வரவழைத்தார்.

டிரெஸ்ஸா கோல்ப் என்ற அந்தப் பெண் முக்காலியும் அளவுக் கருவியுமாக வந்தாள். பலகைப் பக்கமே போகவில்லை. லாய்டு வீட்டுக்கு அரை மைல் முன்னாலேயே வண்டியை நிறுத்தி, ரோட்டின் நடுவில் தோண்டினாள். பழைய எல்லைக்கல் ஒன்று தலை காட்டியது.

"ஏம்மா, எல்லை அங்க, மரத்துகிட்ட," என்றார் லாய்டு.

"யார் சார் சொன்னது?"

"யார் சொல்லணும்? கிரேடர் அங்கதானே திரும்புது!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஊரில் எல்லையை யாரும் படம் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. சரளையைச் சீவிச் சமன்செய்யும் நம் கிரேடர் வண்டி பிளேடைத் தூக்கித் திரும்புகிற வரைக்கும் நம் மண். அதற்கப்பால் பல்லைக் கிடுகிடுக்க வைக்கும் மேடுபள்ளம், அது பிக்கெட். கவுண்டி ஆபீஸ்காரர்களும் அதை நம்பியே படத்தில் கோடு போட்டிருந்தார்கள்.

கிரேடர் ஓட்டும் கஸ் வ்ரானா அந்தச் சமயம் வந்து சேர்ந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையைச் சொறிந்தான்.

"திருப்ப அங்கதான்ப்பா அகலம் இருக்கு. கல்லுகிட்ட ரெண்டு பக்கமும் பள்ளம். எனக்கு முன்னால ஓட்டுனவரும் அங்கதான் திருப்புனாரு."

"அப்ப என் வீடு?"

"பிக்கெட் சார்," என்றாள் டிரெஸ்ஸா. முடிந்தவரை மெதுவாகத்தான் சொன்னாள்.

லாய்டு மனைவி வில்மா பிறந்தது பிக்கெட்டில். செய்தி கேட்டு, பிசைந்த மாவோடு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை.

"கல்யாணத்தன்னைக்கு ஊர விட்டுப் போறோமேன்னு எங்கம்மா எப்படி அழுதா தெரியுமா? நான் எங்கயுமே போகலையே!"

"சிரிக்காத வில்மா. வெள்ளிக்கிழமைக்குள்ள பேரு குடுக்கணும். வேட்பாளர் உள்ளூர்ல குடியிருக்கணும். வீட்ட லாரியில ஏத்தி அந்தப் பக்கம் வெச்சிடலாம்."

"தாராளமா ஏத்து. கிணறு இங்க இருக்கும். நானும் கிணத்துகிட்ட இருப்பேன்."

லாய்டு தன் மீன்பிடி டிரெய்லரை இழுத்துக்கொண்டுபோய்க் கல்லுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். அதுதான் இனி வீடு என்றார். முதல் நாள் டின் பீன்ஸ். மறுநாளும் டின் பீன்ஸ். காற்று தெற்கிலிருந்து அடித்தால் வில்மா வேக வைக்கும் மாட்டிறைச்சி வாசனை எல்லை பார்க்காமல் வந்தது.

வியாழன் மாலை கஸ்ஸின் கிரேடர் வந்தது. கல்லருகே பிளேடைத் தூக்கி, பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்க, முன்னும் பின்னுமாக உறுமித் திரும்பியது.

"என்னடா, என் வீடு வரைக்கும் போகலையா?"

"அது வேற கவுண்டிப்பா. மேலதிகாரி உத்தரவு. கமிஷனரானா நீயும் இதத்தான சொல்வ?"

லாய்டுக்கு அப்போதுதான் உறைத்தது. கமிஷனரானால் தன் வீட்டு ரோட்டை மட்டும் தொட முடியாது. அந்த அரை மைலை நடந்தே கடந்தார். வில்மா கதவைத் திறக்கவில்லை.

"எந்த ஊரு?" என்றாள் உள்ளிருந்து.

"பசிக்குது வில்மா."

"ஊரக் கேட்டேன்."

"...பிக்கெட்."

கதவு திறந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஜென்மத்தில் முதல் முறையாக லாய்டு பிக்கெட் ஆபீஸ் படியேறினார். என்ன வேண்டும் என்று கேட்டாள் அங்கிருந்த பெண்.

"என் வீட்டு ரோடு, அரை மைலு. ரெண்டு பேருமே சீவறதில்ல."

"ரோடு கமிஷனர்கிட்ட சொல்லணும். அந்த நாற்காலிக்கு இந்தத் தடவ யாருமே நிக்கல. எல்லாரும் திட்டுறாங்கன்னு பயம்."

லாய்டு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"திட்டு வாங்கறது எனக்குப் பெரிசில்ல. இங்க உள்ளவங்கள இத்தன வருஷமா நானே திட்டியிருக்கேன்," என்றார். "பேனா இருக்கா?"