கண்ணாடி கொண்டுவரவில்லை

2024ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் பதினேழாம் நாள், சனிக்கிழமை. காலையில் மெல்லிய பனி. நண்பகலில் கடும் வெயில். மூன்று மணிக்கு மேல் கோவளத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று.

கல்லூரி வாயிலிலுள்ள கரும்பலகையில் தேதியையும் வானிலையையும் நாள்தோறும் எழுதுவது காவலாளியாகிய என் வழக்கம். எவரும் பணித்த வேலையன்று அது. நாற்பத்தாறாம் அகவையில் மாதாகோயில் மாலை வகுப்பில் அமர்ந்து எழுத்தறிந்தவன் நான். ஐம்பதில், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தமிழ்த்தாளில் எழுபத்தெட்டு மதிப்பெண் பெற்றேன். அதன் பின்னர், எழுதுவதற்கு ஓரிடம் கிடைத்தால் நான் விடுவதில்லை.

அன்று எங்கள் மைதானத்தில் கல்லூரிகளுக்கிடையிலான கால்பந்து இறுதிப்போட்டி. மூன்றாம் ஆண்டு மாணவன் நிதின், நான்கு முழ வெள்ளைத் துணியும் சிவப்புப் போஸ்டர் கலரும் கொண்டு பகல் ஒரு மணிக்கே என்னிடம் வந்தான்.

"அண்ணாத்த, உங்க கையெழுத்துதான் பிரிண்ட் போட்ட மாரி கீது. அந்த டீம் கீப்பர் விஷாலை ஓட்டுற மாரி ஒரு வரி எழுதிக் குடுங்க."

"இன்னா செஞ்சான் அவன்?"

"போன வாரம் கைக்கு வந்த பந்த வுட்டான். இன்னிக்கும் அவன பேஜாராக்கினா போதும், கப்பு நம்மளுது."

அரைமணி நேரம் சிந்தித்தேன். பின்னர் விரல்களால் வண்ணத்தைத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம் இருக்குமாறு எழுதினேன்: 'விஷால்! உனக்கு இருப்பது கையா? ஓட்டைப் பையா?' கையா, பையா என்று இயைபு அமைந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மாணவர்கள் கைதட்டினர். "அண்ணாத்த, நீங்க வாட்ச்மேனே இல்ல, வசனகர்த்தா!" என்றான் நிதின். துணியை அவர்கள் தூக்கிச் சென்று, வாயில் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்த கம்பிவேலியில் கட்டினர். நான் எழுதியதை ஆயிரம் பேர் படிக்கப்போவது அதுவே முதல் முறை.

இரண்டு நாற்பதுக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு பெண்மணி இறங்கினார். முட்டுக்காட்டுப் பக்கத்து விடுதியொன்றின் சீருடைப் புடவை. வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். பார்வையாளர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

"எங்க அழுத்தணும்ணா?" என்று இடக்கைப் பெருவிரலை நீட்டினார்.

மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். 'ரேணுகா, நெம்மேலி, விளையாட்டுக் காண' என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதை, வாய் பிளந்து பார்த்தார். எழுத்துகளை வேண்டுமென்றே சற்று வளைத்து எழுதினேன். விரலை நீட்டுபவர்களின் வரிசையிலிருந்து நான் என்றோ வெளியேறிவிட்டேன் என்ற நினைப்பு அப்போது இனித்தது. வெட்கக்கேடாயினும் அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நான்கு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. வாயிலிலிருந்தே மைதானம் தெரியும். நாற்காலியை வேலியோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ரேணுகாவும் அருகில் வந்து நின்றார். இடைவேளைக்குப் பிறகு விஷால் எங்கள் பக்கத்துக் கோலுக்கு வந்தான், மெலிந்த உடல், முழங்கையில் பழைய பிளாஸ்திரி. அவன் பந்தைத் தொடும்போதெல்லாம் எங்கள் மாணவர்கள் "ஊ..." என்று ஊளையிட்டனர். அவன் தலை நிமிரவில்லை. மூன்றாம் முறை நானும் எழுந்து, கைகளை வாயருகே குவித்து ஊளையிட்டேன். நெடுநேரம், மூச்சு தீரும்வரை.

ரேணுகா என் பக்கம் திரும்பினார். முகம் முழுவதும் சிரிப்பு.

"அது என் புள்ளதாண்ணா."

குவித்த கைகளை நான் இறக்கியதாக நினைவில்லை.

"நான் மேட்சே பாத்ததில்ல. லீவு போட்டா சம்பளத்த புடிப்பாங்க. இன்னிக்கு சூப்பர்வைசராண்ட அழுதுகினே பர்மிசன் வாங்கினேன். தியேட்டர்ல ஹீரோ வந்தா கத்துவாங்கல்ல, அந்த மாரி கத்துறாங்க பாருங்க! வேற காலேஜு புள்ளைங்க கூட!"

அவர் வேலியைச் சுட்டினார்.

"அதுல மொத மூணு எழுத்து அவன் பேருதான? அவன் நோட்டு மேல பாத்து பாத்து அது மட்டும் தெரியும். மிச்சம் இன்னா எழுதிகீது? நீங்கதான் படிச்சவராச்சே, சொல்லுங்கண்ணா."

வங்கியில், நியாயவிலைக் கடையில், என் மகளின் பள்ளியில், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் சொல்லிவந்த ஒரு வாக்கியம் உண்டு. எழுத்தறிந்த நாளோடு அதைப் புதைத்துவிட்டதாக நம்பியிருந்தேன். அது தானாகவே வெளியே வந்தது.

"கண்ணாடி எடுத்துனு வரலம்மா."

என் சட்டைப்பையில் கண்ணாடி இருந்தது. அவர் பார்வை அதன்மேல் ஒரு கணம் தங்கிற்று. பிறகு மெல்லச் சிரித்தார்.

"நானும் பேங்குல அதாண்ணா சொல்வேன்."

அப்படியானால் பதிவேட்டில் எழுதியதையும், படிக்கத் தெரியாமல் நான் வெறுமனே வரைந்து பழகியதாக நினைத்தாரோ, என்னவோ. அவருக்கு என்மேல் இரக்கம் வந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் உயரமாக ஒரு பந்து வந்தது. விஷால் எழும்பினான். இருநூறு தொண்டைகள் ஊளையிட்டன. பந்து அவன் உள்ளங்கைகளில் பட்டு, நழுவி, பின்னால் உருண்டு கோட்டைத் தாண்டியது. அவன் புல்லில் அமர்ந்துவிட்டான்.

"இன்னாத்துக்குண்ணா உக்காந்துகினான்? அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. களைப்பு."

எங்கள் மாணவர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தனர். விஷால் எழுந்து, எங்கள் வீரர்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தான். நிதின் அவன் காதருகே மீண்டும் "ஊ..." என்றான். அவனுக்கும் கைகொடுத்துவிட்டுத் தாயிடம் வந்தான்.

"டேய், வேலில உன் பேரு போட்டுகீறாங்கடா! யாரு எழுதினதோ, அச்சடிச்ச மாரி கீது. அண்ணன் பாவம், கண்ணாடி எடுத்துனு வரல. நீ படி."

அவன் திரும்பிப் பார்த்தான். முதல் பாதியில் அது அவனுக்குத் தொலைவு; இரண்டாம் பாதியில் முதுகுப்புறம். எனவே முழுவதுமாகப் படித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒருமுறை படித்தான். இன்னொரு முறை படித்தான். கையுறைகளை மெல்லக் கழற்றினான்.

"விஷால், உனக்கு நல்ல கைன்னு போட்டுக்கீது மா."

"பாத்தியா!" என்று அவன் கன்னத்தைத் தட்டினார் தாய்.

அவன் என் சட்டைப்பையைப் பார்த்தான். பிறகு என் விரல்களைப் பார்த்தான். நகக்கண்களில் சிவப்பு. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

வாயிலில் பதிவேட்டை விரித்தேன். வெளியேறும் கட்டத்தில் ரேணுகா பெருவிரலை அழுத்தினார். தாள் நழுவாதிருக்க ஓரத்தைப் பிடித்தேன். வியர்வையில் கரைந்த வண்ணம் அவருடைய ஊதா ரேகைக்குப் பக்கத்தில் சிவப்பாகப் பதிந்தது, முழுமையான ஒரு கைநாட்டு. விஷால் அதைப் பார்த்தவாறே நின்றான். நான் பேனாவை எடுத்து, வேறெதுவும் எழுத வராமல், நேரத்தை மட்டும் எழுதினேன்: மாலை 5.52.