ஒரே வீட்டில் வசிப்பவர்கள்

பரிசுக் குலுக்கல் என்றால் முதலாளிக்கு மைக், பலூன், வாசலில் ரிப்பன் கட்டிய ஸ்கூட்டர். எனக்குச் சட்டம். மிக்ஸியும் மின்விசிறியும் விற்கிற கடையில் கணக்கு பார்க்கிறவளுக்கு இந்தத் தலைவலி எப்படி வந்தது என்றால், அனுமதி வாங்கும் அலுவலகத்தில் மாடி ஏற முதலாளிக்கு முழங்கால் வலி.

"குலுக்கல்தானே, இதுக்கு எதுக்கும்மா பர்மிஷன்?" என்றார் முதலில்.

அனுமதி இல்லாமல் நடத்தினால் சூதாட்டம் என்று கேஸ் போடுவார்கள் என்றேன். விதிமுறைகளை வாசலில் ஒட்ட வேண்டும், அதிகாரி முன்னால்தான் சீட்டு எடுக்க வேண்டும், பொருள் வாங்காதவர்களுக்கும் இலவசக் கூப்பன் தர வேண்டும் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது.

"சும்மா வேடிக்கை பாக்க வர்றவனுக்கும் சீட்டா?"

"ஆமா சார். இல்லன்னா நீங்கதான் உள்ள போகணும்."

அவரைப் பயமுறுத்தச் சொன்னது அது. உள்ளே போகவேண்டியவள் நான்தான். பொறுப்பாளர் என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து.

ஊழியர்களும் அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களும் கலந்துகொள்ளக் கூடாது என்றும் ஒரு விதி. எல்லோரிடமும் வீட்டில் இருப்பவர்கள் பெயரை எழுதி வாங்கினேன். விற்பனைப் பிரிவில் இருக்கும் தடியன் தன் பூனையையும் சேர்த்திருந்தான். திட்டி, அந்தப் பெயரை அடிக்க வைத்தேன். என் வீட்டுக்குக் கணவர், மகள், நான் என்று எழுதி, அவர்கள் இருவரிடமும் கூப்பன் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியும் வைத்தேன்.

குலுக்கல் அன்று கடை வாசலில் ஊரே கூடியிருந்தது. மேடையில் அதிகாரியம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவரைக் கூப்பிட்டுப் பெட்டிக்குள் கை விடச் சொன்னார். பெரியவர் கொடுத்த சீட்டைப் பிரித்து, பெயரையும் போன் நம்பரையும் மைக்கில் படித்தார்.

அது என் கணவரின் தங்கை.

புருஷனோடு பிரச்சினையாகி, போன மழைக்காலத்தில் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். "நாலு நாள்ல போயிடுவேன் அண்ணி" என்றாள். அந்த நாலு நாள் முடிகிற வழியாக இல்லை. பட்டியல் எழுதும்போது அவள் ஞாபகம் வரவில்லை என்றால் அது பொய். வந்தது. வந்து போகிறவளை எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன். எழுதிவிட்டால் அவள் நிரந்தரமாகத் தங்கிவிடுவாள் என்று ஒரு மூட பயம். அவளிடம் விதியைச் சொல்லவும் தோன்றவில்லை. கடைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அன்று இலவசக் கூப்பனைப் பூர்த்தி செய்து போட்டிருக்க வேண்டும்.

"அண்ணி! அண்ணி! நான்தான் அண்ணி!" என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடை ஏறினாள்.

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பினார். "அண்ணியா? உங்க சொந்தமா?"

நாத்தனார் என் முகத்தைப் பார்த்தாள். அவள் சிரிப்பு அப்படியே அணைந்தது.

"சொந்தமெல்லாம் இல்ல மேடம்" என்றாள். "எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவேன். வாய்ப்பழக்கம்."

முதலாளிக்கு அவளைத் தெரியும். தெரிந்தும், "கைதட்டுங்கப்பா!" என்று மைக்கில் கத்தி, சாவியை அவள் கையில் திணித்தார். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பு அவருக்கு.

அதிகாரியம்மா ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார். வெற்றி பெற்றவர் நடத்துபவர்களுக்கு உறவினரோ, அவர்களோடு ஒரே வீட்டில் வசிப்பவரோ அல்ல என்ற உறுதிமொழி. "இங்க ஒரு கையெழுத்து."

பேனாவைப் பிடித்தேன். கூட்டத்தில் எங்கள் மாடிவீட்டுக்காரி நின்றிருந்தாள், நாத்தனாரும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதைத் தினமும் பார்க்கிறவள். நாளைக்கு ஒரு புகார் போதும். போலீஸ் வீட்டு வாசலில் நிற்கும், மகள் கதவைத் திறப்பாள். உண்மையைச் சொல்லலாம் என்றால், நான் கொடுத்த பட்டியல் பொய் என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு அடிதான்.

"மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவ என் நாத்தனார். எங்க வீட்டுலதான் இருக்கா."

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க லிஸ்ட்ல இல்லையே?"

"எழுதல மேடம்."

"ஏன்?"

பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க இதுல கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் எனக்குத் தெரிஞ்சிருந்தா, உங்க மேல கேஸ்தான். பொழைச்சீங்க. நாளைக்கு ஆபீஸுக்கு வந்து விளக்கம் எழுதிக் குடுங்க. இந்தச் சீட்டு செல்லாது, வேற எடுக்கச் சொல்லுங்க."

பெரியவர் மறுபடி கையை விட்டார். யாரோ ஒரு தையல்காரருக்கு வண்டி விழுந்தது. நாத்தனார் சாவியை மேசையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு இறங்கினாள்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். நாளைக்கு என்ன விளக்கம் எழுதுவது என்றே என் மனம் ஓடியது. அவள் ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"வண்டி இருந்தா பார்சல் குடுக்கிற வேலை தர்றேன்னு ஒருத்தர் சொல்லியிருந்தார் அண்ணி. வேலை கிடைச்சா தனியா ஒரு ரூம் பாத்துக்கலாம்னு நெனச்சேன். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது. எனக்கு ரூல்ஸ் எதுவும் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியும். நான்தான் உன்கிட்ட சொல்லல."

அவள் இன்னும் என்னவோ கேட்க வந்து நிறுத்தினாள். மடியில் இருந்த கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். அப்படியும் அவை நடுங்கின.

"நான் இன்னிக்கே கிளம்பணுமா அண்ணி? இல்ல, விடிஞ்சதும் போனா போதுமா?"

காலையிலிருந்து சட்டத்துக்குப் பயந்து செத்துக்கொண்டிருந்தவள் நான். என்னைப் பார்த்து ஒருத்தி இப்படி நடுங்குவாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.