பார்வைக்கு வைத்த அடுப்பு

அடைக்கலசாமி ஆரணியில் மரத்தூள் கட்டை செய்ய ஆரம்பித்தது 1984-இல். அதுவரை அவர் கணக்கு வாத்தியார். மரம் அறுக்கும் மில்லின் பின்புறம் தூள் குவிந்து கிடப்பதைப் பார்த்துப் பார்த்து, அதைச் சூடாக்கி அழுத்திக் கட்டையாக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்தார். வேலையையும் விட்டுவிட்டார். முழங்கை நீளத்தில், நடுவில் துளையோடு, வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் கட்டைகள் வந்து விழுந்தன. பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் இரண்டொருவர் வாங்கினார்கள். வீடுகளில் யாரும் வாங்கவில்லை.

"கண்ணால பார்த்தாதான் ஜனங்க நம்புவாங்க" என்றார் மனைவி இன்னாசியம்மாளிடம். "இனிமே நம்ம வீட்டுல ஒரு சுள்ளிகூட இருக்கக் கூடாது. யார் எப்ப வந்தாலும் நம்ம அடுப்பைக் காட்டணும்."

அவள் சந்தோஷமாகவே சம்மதித்தாள். கோடையில் கட்டை நன்றாகத்தான் எரிந்தது. புகை குறைவு, பாத்திரத்தில் கரியும் குறைவு. தெருப் பெண்கள் வந்து பார்த்து மூக்கின்மேல் விரல் வைத்தபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு அசலூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். காலையில் வந்தார்கள், மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். குனிந்து அடுப்பைப் பார்த்தார்கள், மூடியைத் திறந்து குழம்பைப் பார்த்தார்கள். வாசல் கதவைச் சாத்தக் கூடாது என்று அடைக்கலசாமி சொல்லியிருந்தார். தலைவலி என்று அவள் படுக்க முடியாது. நேற்றைய சோற்றை வைத்துக்கொண்டு, இன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம் என்று இருக்க முடியாது. தேவிகாபுரத்தில் அவள் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. ஒரு பஸ் ஏறினால் போய்ச் சேரலாம்.

"நீ போயிட்டா அடுப்பை யாரு காட்டறது?" என்றார் அவர். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோதும் அதையேதான் சொன்னார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஈரக்காற்றில் கட்டைகள் உப்பின. டீயில் நனைத்த பொறை ரொட்டி மாதிரி கையோடு உதிர்ந்தன. அடுப்பில் வைத்தால் எரியாமல் புகைந்தன. இன்னாசியம்மாள் ஊதி ஊதி இருமிக் கண் சிவந்தாள். சோறு பாதி வெந்தும் வேகாமலும் இறங்கியது.

பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள், தறிக்குப் பட்டு நூல் இழைத்துக் கொடுப்பவள், அந்த இருமலைக் கேட்டுச் சுவரின்மேல் நாலு புளியங்கட்டையை வைத்தாள். "இந்தா, ஜல்தியா சோத்த ஆக்கி எறக்கு. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

இன்னாசியம்மாள் கட்டைகளை ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். கணவர் பட்டறைக்குப் போனதும் எடுத்து எரித்தாள். சொந்த வீட்டில் திருடுவது போலிருந்தது.

ஒருநாள் அடைக்கலசாமி சாம்பலில் கிடந்த விறகுத்துண்டைக் கண்டுபிடித்தார். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். அவர் அதைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார்.

"வியாழக்கெழம ஹாஸ்டல் வார்டனம்மா வராங்க. எரநூறு பொண்ணுங்களுக்குச் சமையல். அன்னிக்கு உள்ள இதை வெச்சு, முன்னால நம்ம கட்டையை வெச்சிடு."

அவள் பயந்து பயந்து செய்ததைச் செய்யச் சொல்லி இப்போது உத்தரவு வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமையும் மழைதான். புழக்கடையில் உதிர்ந்து கிடந்த கட்டைகள் கண்ணில் படாதபடி அடைக்கலசாமி பின்கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வார்டனம்மா முக்காலியில் உட்கார்ந்து அடுப்பைக் கொஞ்சம் பார்த்தார், இன்னாசியம்மாளின் கண்களை அதிக நேரம் பார்த்தார்.

"மழையில இது எரியுமாம்மா?"

"ஜோரா எரியும் மேடம்" என்றார் அடைக்கலசாமி.

"உங்களக் கேக்கல சார். அடுப்பூதறவங்கள கேக்கறேன்."

இன்னாசியம்மாள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். முகம் தெரியாத ஒரு சமையல்காரி ஹாஸ்டல் புகையில் குனிந்து நிற்பது போலத் தோன்றியது. வாய் தானாகப் பேசியது.

"எரியாதுங்க. உள்ள எரியறது புளியங்கட்டை. வெயில் காலத்துல இது நல்லா எரியும், அது நெஜம். மழைக்கு ஒதிர்ந்து போவுதுங்க."

வார்டனம்மா எழுந்தார். "சொன்னியே, நல்லாருப்பே" என்று அவள் தோளைத் தொட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அடைக்கலசாமி வாசற்படியில் நின்றார். "இன்னா காரியம் பண்ணிட்டே இன்னாசி!" கத்தவில்லை, குரல் உடைந்திருந்தது.

அவள் இரண்டு புடவையைப் பையில் திணித்தாள். "நான் தேவிகாபுரம் போறேங்க."

"மழை பெய்யுது."

"பஸ்ஸுக்குள்ள பெய்யாது. வழி விடுங்க."

அவர் நகரவில்லை. அவளும் நகரவில்லை.  கடைசியில் அவர் சுவரோரமாக ஒதுங்கினார்.

பதினோராம் நாள் அவர் தேவிகாபுரத்துக்கு வந்தார். கண் சிவந்து, வலது கை விரல்களில் கொப்புளத்தோடு வந்தார். தங்கை குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

"ஒருவேளைச் சோறு ஒழுங்கா வடிக்கல" என்றார் மெதுவாக, குழந்தையைப் பார்த்துக்கொண்டே. "நாலு நாளா பன்னும் டீயும்தான்."

"அடுப்பு பார்க்க ஜனங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. இருமிகினே எவ்ளோ நேரம் நிக்கறது? கதவைச் சாத்திட்டேன். மழை விடற வரைக்கும் மெஷினையும் நிறுத்திட்டேன். வெயில் வந்தா சாயக்காரங்களுக்கு மட்டும் செய்யலாம்னு இருக்கேன்." சற்று நிறுத்திவிட்டு, "வர்றியா?" என்றார்.

"சாத்தின கதவு சாத்தினபடியே இருக்கணும்."

"இருக்கும்."

"நான் கூப்பிடாத யாரும் என் அடுப்படிக்குள்ள வரக் கூடாது."

"வர மாட்டாங்க."

அவள் அன்றைக்கே கிளம்பவில்லை. அவரைத் தனியாக பஸ் ஏற்றி அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருவதாகச் சொன்னாள். அப்படியே வந்தாள். ஆனாலும் அதற்குப் பிறகு வெகுநாள் வரை, வாசலில் யாராவது குரல் கொடுத்தால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால்கூட அவள் கை தட்டை விட்டுவிட்டு முந்தானையைச் சரிசெய்யப் போகும்.