தட்டில் ஒரு பழம் குறைவு

ஓவியரம்மாவுக்கு ஒரு வீம்பு உண்டு. வரையப்போகும் பொருளைப் புகைப்படம் எடுக்க மாட்டார், எண்ணவும் மாட்டார். எண்ணிவிட்டால் அப்புறம் கண்ணுக்கு என்ன வேலை, கை கணக்கைப் பார்த்து வரைந்துவிடும் என்பார். காலையில் வந்து உட்கார்ந்தால் அன்றைக்குக் கண்ணில் படுவதுதான் ஓவியம். நேற்று வரைந்தது இன்றைக்கு ஒத்துப்போகாவிட்டால் தயவுதாட்சண்யம் இல்லாமல் கத்தியால் சுரண்டிவிடுவார். கைபேசியில் படம் பிடித்து வைத்து எல்லாரும் வரைகிற காலத்தில் இப்படியும் ஒரு பிடிவாதம்!

இந்த முறை சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை, மடித்த துண்டு, தட்டில் பெரிய கறுப்புத் திராட்சைக் கொத்து. "யாரும் தொடக்கூடாது" என்று உத்தரவு வேறு. யாரும் என்றால் வீட்டில் இருக்கும் இன்னொரு ஆள், பேருந்து ஓட்டும் கணவர்.

இரண்டாம் நாள் பார்த்தால் தட்டில் இல்லாத ஒரு பழம் ஓவியத்தில் இருந்தது. சிரித்துக்கொண்டே சுரண்டினார். மூன்றாம் நாளும் அதே கதை. ஐந்தாம் நாள் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் நாள் சுரண்டிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டார். கண்ணை நம்பிப் பிழைக்கிறவர். அந்தக் கண்ணே இல்லாததைக் காட்டினால் எங்கே போவார்?

சாயங்காலம் வேலை முடிந்து வந்த கணவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏங்க, எனக்குக் கண்ணு போச்சுங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். "நாளைக்குக் கண் டாக்டரைப் பார்க்கணும். இனிமே நான் பிரஷ்ஷைத் தொடவே போறதில்ல."

கணவர் திருதிருவென்று முழித்தார்.

"தினம் ஒண்ணா?"

"தினம் ஒண்ணு."

"அது வந்து... நான்தான். காலையில வண்டி எடுக்கப் போறப்போ ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்குவேன். அவ்வளவு பெரிய கொத்துல யாருக்குத் தெரியப்போகுதுன்னு..."

நல்ல அர்ச்சனை காத்திருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டார். நிமிர்ந்து பார்த்தால் ஓவியரம்மாவின் முகமெல்லாம் பல்.

"எனக்குத் தெரிஞ்சுதே!" என்று கத்தினார். "எட்டுப் பழமும் தெரிஞ்சுதுங்க! ஒண்ணுகூடத் தப்பல!"

சந்தோஷம் தாங்கவில்லை. கொத்தை அப்படியே தூக்கி அவர் கையில் திணித்தார்.

"மிச்சத்தையும் சாப்பிடுங்க. காம்பை மட்டும் தட்டுல வெச்சிடுங்க. நாளைக்கு அதைத்தான் வரையப்போறேன்."